அப்பாவுக்கு 168/98, ஆனால் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்கிறார்: மாத்திரை போடத்தான் வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்ட தம்பிக்குத் திருப்பூரில் வேலை. அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் பத்து மா நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறார், வயது 62. ஊரில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் 168/98 என்று சீட்டில் எழுதி மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பா அதை அப்படியே சாமி மாடத்தில் வைத்துவிட்டார். "தலைசுத்தல் கூட எனக்கு இல்ல. இத ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, கிட்னிய வேற கெடுத்துடும்" என்கிறாராம். உப்பைக் குறைத்தால் போதாதா, மாத்திரை போட்டால் இதயத்துக்கு உண்மையிலேயே பாதுகாப்பா என்பது தம்பியின் கேள்வி.

நான் பொது மருத்துவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டெல்டாவிலேயே காலம் போனது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி வார்டு. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு சரிதான் என்று உறுதியானால் போடத்தான் வேண்டும். உப்பைக் குறைத்து மட்டும் 168ஐ 130க்குக் கொண்டுவந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். ஒன்றும் செய்யவில்லை என்கிறாரே, அதுதான் மாத்திரை ஆரம்பிக்கச் சரியான காலம். செய்ய ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு நாங்கள் பார்ப்பது வேறு வைத்தியம்.

அளவு சரிதானா என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். முகாமில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பார்த்தவன்தான். பள்ளிக்கூட வராண்டா. முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. அப்பா வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருப்பார், வழியில் ஒரு டீ. வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு. பேச்சு முடியும் முன்பே "கைய நீட்டுங்கய்யா" என்று சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருப்பார்கள். கை தொங்கிக்கொண்டிருந்தால் அளவு ஏறும். பேசினால் ஏறும். ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருந்தால் பத்துப் புள்ளி கூட ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தாலும் அப்படித்தான். பட்டை கையின் பருமனுக்குச் சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரையும் காட்டும்.

ஆகவே வீட்டில் பாருங்கள். மேல்கையில் கட்டுகிற மிஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு புகையிலை போடுகிறவர் என்றால் அரைமணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் இருக்கக் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு உயரத்துக்கு. சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. சாயங்காலமும் அதே மாதிரி. ஒரு வாரம் எழுதி வையுங்கள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். அது 135/85ஐத் தாண்டினால் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, இனி அதில் விவாதமில்லை. முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள், எது அதிகமோ அந்தக் கைதான் இனிமேல் கணக்கு. டாக்டரைப் பார்த்தாலே பிரஷர் ஏறுகிறவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கவும் இந்த ஒரு வார நோட்டுதான் உதவும். ஆனால் 180/110ஐத் தொட்டுவிட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

இப்போது இதயம். டெல்டாக்காரருக்கு 120 என்ற எண்ணைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி தொட்டால் இங்கே எல்லோர் முகமும் மலர்ந்துவிடும். உடம்பிலும் மேல் அளவு 120 என்பதுதான் நிறைவு. அணையில் அதற்கு மேல் வரும் தண்ணீரை ஷட்டரைத் திறந்துவிடுவார்கள். முக்கொம்புக்கு வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். உடம்பில் கொள்ளிடம் கிடையாது. ஏறின அழுத்தம் முழுவதையும் ரத்தக் குழாய்களும் இதயமும்தான் தாங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் தோளைப் பார்த்திருப்பீர்கள். தினமும் சுமை ஏறினால் சதை முறுக்கேறும். இதயத்தின் இடது கீழறையும் சதைதான். 120க்கு எதிராகத் தள்ள வேண்டியதை 170க்கு எதிராகத் தள்ளச் சொன்னால் அதுவும் தடிக்கும். தோளில் தடித்தால் பெருமை, இதயத்தில் தடித்தால் ஆபத்து. சுவர் உள்பக்கமாகத் தடிக்க, அறை சின்னதாகிறது. விறைத்துப்போவதால் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடிவதில்லை. இன்னொன்றும் நடக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் வெளிப்பக்கமாக ஓடி, அங்கிருந்து உள்ளே இறங்குகின்றன. வெளிச்சுவர் தலைமடை என்றால் உள்சுவர் கடைமடை. சுவர் தடித்தால் பயிர் கூடியது போல, தண்ணீர் அதிகம் தேவை, வருவதோ அதே வாய்க்காலில். முதலில் காய்வது எது என்று திருத்துறைப்பூண்டிக்காரருக்கு நான் விளக்க வேண்டுமா? இதற்கிடையே அழுத்தத்தில் அடிபட்ட குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து வாய்க்காலும் தூர்ந்துகொண்டே வரும். இத்தனையும் வருஷக்கணக்கில், ஒரு தலைவலி கூட இல்லாமல்.

வார்டில் இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். 58 வயது, டிராக்டர் ஓட்டுகிறவர். படுக்க முடியவில்லை, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, பிரஷர் 220/120. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது. ஈசிஜி எடுத்தால் கோடுகள் தாளை விட்டு வெளியே போகிற அளவுக்கு உயரம். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடியும்போது பேச ஆரம்பித்தார். "மாத்திரை?" என்று கேட்டேன். "எட்டு மாசம் முன்னாடி செக் பண்ணாங்க சார், நார்மல்னு சொன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றார். எக்கோவில், அதாவது இதயத்தின் ஸ்கேனில், ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய சுவர் 14 மில்லிமீட்டர். அதற்கப்புறம் ஒழுங்காக மாத்திரை போட்டார். ஒன்றரை வருஷம் கழித்து எக்கோ பார்த்தபோது 12. தடித்த சுவர் மெலியும், அதுதான் இந்தக் கதையில் நான் உங்கள் அப்பாவிடம் சொல்ல விரும்புவது. நார்மல் என்று காட்டியது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி. அவர் அதை நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்.

மாத்திரை இதயத்தைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கேட்டால், இந்த அளவுக்குச் சோதித்துப் பார்த்த வைத்தியம் மருத்துவத்தில் குறைவு. 1967இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனை முடிவு வந்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, போலி மாத்திரைப் பக்கம் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மாத்திரைப் பக்கம் 2 பேருக்கு. அந்த முடிவுக்குப் பிறகு "பிரஷரைக் குறைக்கலாமா வேண்டாமா" என்ற கேள்வியே மாறிப்போய், எவ்வளவு குறைக்கலாம் என்றாகிவிட்டது. 2016இல் 123 சோதனைகளை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மேல் அளவை 10 புள்ளி குறைத்தால் இதயக் குழாய் நோய் 17 சதவீதம் குறைகிறது, பக்கவாதம் 27, இதயச் செயலிழப்பு 28, மொத்த மரணம் 13 சதவீதம் குறைகிறது. அப்பாவுக்கு நாம் குறைக்கப் பார்ப்பது 10 இல்லை, முப்பத்தைந்துக்கும் மேல்.

இதில் ஒரு சுவாரசியம். "இங்கிலீஷ் மருந்து" என்று முகம் சுளிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த 1967 சோதனையில் கொடுத்த மூன்று மருந்தில் ஒன்று ரிசர்பின். அது நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி பிரஷரைக் குறைக்கிறது என்று பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகமே அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. இன்றைக்கு அதை நாங்கள் அதிகம் எழுதுவதில்லை. மனச்சோர்வு, மூக்கடைப்பு என்று தொந்தரவு உண்டு, அதைவிட நல்ல மருந்துகளும் வந்துவிட்டன. சர்ப்பகந்தி சூரணம் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு கரண்டியில் எவ்வளவு மருந்து போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்று எழுதுகிற மாத்திரைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். அம்லோடிபின் குழாயைத் தளர்த்தும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் போன்றவை குழாயைச் சுருங்கச் சொல்லும் ஹார்மோனை மடக்கும். சுகர் இருப்பவருக்கும், சிறுநீரில் புரதம் போகிறவருக்கும் இவை முதல் தேர்வு, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. மூன்றாவது, நீர் பிரிய வைக்கும் குளோர்தாலிடோன் போன்றவை. அப்பாவின் அளவுக்கு இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுப்பார்கள். "எடுத்த எடுப்பிலேயே ரெண்டா" என்று பயப்பட வேண்டாம். ஒரு மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், தொந்தரவு நிறையக் கூடும். வேறு வகை மருந்தைக் கொஞ்சம் சேர்த்தால் பலன் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுகிறது. காலையா ராத்திரியா என்று கேட்பார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பல் தேய்க்கிறபோது போடுகிறாரா, சாப்பாட்டுக்கு அப்புறமா, மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம், அது கிட்னி வீக்கம் இல்லை, மருந்தை மாற்றினால் வடிந்துவிடும். எனலாபிரில், ராமிபிரில் வகையில் வறட்டு இருமல் வரும். இதில் நானே ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். என் மாமியாருக்கு நானே ராமிபிரில் எழுதினேன். இருமல் வந்தது. டானிக் கொடுத்தேன், எக்ஸ்ரே எடுத்தேன், சளிப் பரிசோதனை கூடச் செய்தேன், இரண்டு மாசம். கடைசியில் பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மாதான், "சார், பிரஷர் மாத்திரை என்ன போடறாங்க?" என்று கேட்டார். மாற்றின பத்து நாளில் இருமல் போனது. மாமியார் இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுவார். தொந்தரவு வந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாற்று எப்போதும் உண்டு. முக்கியமாக, அடினோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷரோ நெஞ்சுவலியோ திருப்பி அடிக்கும்.

கிட்னி பயம் இந்த ஊரில் மிகப் பழையது. அது தலைகீழாக நிற்கிற பயம். பிரஷர் இருபது வருஷம் கட்டுப்படாமல் இருந்து, கிட்னி கெட்டு, கடைசி ஒரு வருஷம் மாத்திரை போட்டவர் டயாலிசிஸுக்குப் போகும்போது, பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது மாத்திரைதான். டெல்மிசார்டன் ஆரம்பித்ததும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறலாம், அது எதிர்பார்த்ததே. ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு தடவை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டால் போதும். கூடவே ஒரு ஈசிஜி, சுகர், கொழுப்பு, சிறுநீரில் புரதம்.

கிட்னியை உண்மையில் கெடுக்கிற மாத்திரை எது தெரியுமா? மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் சீட்டில்லாமல் வாங்குகிற டைக்ளோபினாக் வகை. நடவு, களை எடுப்பு நாளில் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று போடுகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் போடுகிறவர் இதையும் சேர்த்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி. வலி என்றால் பாரசிட்டமால் பரவாயில்லை, அதையும் அளவோடு, தினப்படி ஆக்காமல். மூக்கடைப்புக்கு வாங்குகிற ஜலதோஷ மாத்திரைகளிலும் பிரஷர் ஏற்றுகிற சமாச்சாரம் இருக்கிறது, கடைக்காரரிடம் "பிரஷர் இருக்கு" என்று சொல்லியே வாங்கட்டும்.

உப்புக்கு வருகிறேன். வேதாரண்யம் பக்கத்துக்காரரிடம் உப்பைக் குறை என்று சொல்வதே கொஞ்சம் சங்கடம்தான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பாயிற்றே. ஆனாலும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு சின்ன டீ ஸ்பூன். வீட்டில் இதை அளக்க ஒரு வழி சொல்கிறேன், நோயாளிகளிடம் நான் இதைத்தான் கேட்பேன்: "ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருது?" நான்கு பேர் வீட்டில் ஐம்பது நாள் வந்தால் கணக்குச் சரி. பெரும்பாலான வீடுகளில் இருபது, இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. அதாவது ஆளுக்கு 10 முதல் 12 கிராம். ஊறுகாய் போட்ட உப்பை வேண்டுமானால் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஊறுகாயும் யாரோ ஒருவர் வயிற்றுக்குத்தான் போகிறது.

சாம்பாரிலும் ரசத்திலும் அம்மா உப்பைக் குறைத்துவிட்டு, காலையில் பழைய சோற்றுக்கு ஒரு சிட்டிகை, கூட இரண்டு மோர் மிளகாய், ஒரு துண்டு நார்த்தங்காய், மத்தியானம் அப்பளம், ராத்திரி நாகப்பட்டினத்துக் கருவாடு என்றால் குறைத்தது எங்கே? என் அனுபவத்தில் குழம்பைத் தொடாமல் தொட்டுக்கொள்கிறதை மட்டும் வாரத்துக்கு இரண்டு நாளாக்கினாலே பெரிய மாற்றம் வருகிறது. பழைய சோறு நல்லதுதான், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அதற்குப் போதும். கருவாட்டை ராத்திரியே ஊறப் போட்டு இரண்டு தண்ணீர் மாற்றினால் உப்பு ஓரளவு இறங்கும். மூன்று நான்கு வாரம் நாக்கு முனகும், அப்புறம் பழைய அளவைப் போட்டால் கரிக்கும்.

இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்பது வியாபாரம். அதுவும் சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று வருகிறது, அது வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். கால் பங்கு பொட்டாசியம் உப்பு, பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கிட்னி பாதித்தவரும், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போடுகிறவரும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு நம் ஊர்ப் பூவன் பழம், முருங்கைக்கீரை, இளநீர் எல்லாமே பொட்டாசியம்தான், பணம் கொடுத்து உப்பு வாங்க வேண்டியதில்லை. தொண்டைக்கு இதமென்று அதிமதுரத்தைத் தினமும் மெல்லுகிறவர்கள் திருவையாறு பக்கம் பாட்டுப் படிக்கிறவர்களில் உண்டு. அது பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும். காரணமே தெரியாமல் பிரஷர் இறங்காத ஒருவரின் சட்டைப் பையில் நான் அதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பூண்டு, வெள்ளைப் பூசணிச் சாறு, வெந்தயம்: சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் பிரஷர் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். குடிப்பதை நிறுத்தினால் நிச்சயம் இறங்கும். நடை பற்றிச் சொன்னால் அப்பா சிரிப்பார், "நான் வயல்ல நடக்காத நடையா?" முன்பு அது உண்மை. இப்போது நடவுக்கு மிஷின், அறுவடைக்கு மிஷின், வயலுக்குப் போக பைக். வரப்பில் நின்று ஆள் பார்ப்பது நடை ஆகாது. ஒரு நாள் அவர் எவ்வளவு நடக்கிறார் என்று போனை இடுப்பில் செருகிப் பாருங்கள், அப்பாவும் ஆச்சரியப்படுவார்.

எவ்வளவுக்கு இறக்க வேண்டும்? குறைந்தபட்சம் 140/90க்குக் கீழே. தாங்கினால் 130/80க்குக் கீழே. 2015இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 9,361 பேர், மேல் அளவை 120க்குக் கீழே இறக்கியவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்து கால்வாசி குறைந்தது. மயக்கம், சோடியம் குறைவு, கிட்னி பாதிப்பு கொஞ்சம் கூடியது. சுகர் இல்லாதவர்களை வைத்து, தனி அறையில் அமைதியாக உட்கார வைத்து எடுத்த அளவு அது, நம் முகாம் அளவோடு ஒப்பிட முடியாது. ஆகவே நான் 62 வயதில் 130க்குக் கீழே பார்ப்பேன். எழுந்து நின்றால் தலை சுற்றுகிற எண்பது வயதுப் பாட்டிக்கு அந்த அவசரம் காட்ட மாட்டேன்.

சித்திரை வெயிலில் நீர் மாத்திரையோடு வயலில் வியர்த்தால் பிரஷர் அதிகமாகவே இறங்கிவிடும். தலைசுற்றினால் நின்றபடி ஒரு தடவை அளந்து டாக்டரிடம் காட்டட்டும். வாந்தி பேதி வந்த நாட்களில் நீர் மாத்திரையையும் டெல்மிசார்டனையும் தொடரலாமா என்று அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் வேறு கவலை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த வாரத்தில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரிடம் மாத்திரை இல்லை, கூரையோடு போய்விட்டது. ஒரு மாதத்துக்கான மாத்திரையும் பழைய சீட்டும் பிளாஸ்டிக் பையில், ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

திடீரென்று ஒரு நாள் மிஷின் 190 காட்டினால் பதற வேண்டாம். உட்கார வைத்து, மறுபடி அளந்து, விட்டுப்போன மாத்திரை இருந்தால் கொடுத்து, மறுநாள் டாக்டரிடம் போகலாம். நாக்குக்கு அடியில் நிபெடிபின் உடைத்து விடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிரஷர் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. விட்டுவிடுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தால் மிஷினைத் தேடவே வேண்டாம், 108.

ஆயுசுக்கும் போட வேண்டுமா என்றால், பெரும்பாலும் ஆமாம். எடை குறைந்து, உப்பு குறைந்து, மாத்திரை எண்ணிக்கையை நாங்களே குறைத்தவர்கள் உண்டு. அவராக நிறுத்தக் கூடாது என்பதுதான் விஷயம். செலவும் பெரிதில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இதயம் என்று வந்த பிறகு பிரஷர் மட்டும் போதாது. புகையிலை, சுகர், கெட்ட கொழுப்பு மூன்றையும் டாக்டர் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் எழுதுவார். ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வராத ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம், ரத்தக் கசிவுக்கான ஆபத்து அதில் அதிகம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மிஷினோடு போங்கள். முதல் அளவை உங்கள் கையில் எடுத்துக் காட்டுங்கள், அப்பாவுக்குக் கூச்சம் போகும். அப்புறம் அதே பட்டையை அம்மா கையிலும் கட்டுங்கள். நீங்கள் எழுதிய கேள்வியில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முகாமுக்கு அப்பா போனார், அன்றைக்கு அம்மா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.